பழைய பெட்ரோல் காரா, நகையை வைத்து மின்சாரக் காரா?

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறேன். என் 2012 மாடல் பெட்ரோல் செடான் லிட்டருக்கு 14 கி.மீ. தருகிறது. தினமும் ராமநாதபுரம் போய்வருவதால் மாதம் 1,000 கி.மீ. ஓடுகிறது. 60,000 ரூபாய்க்கு வேலை இருப்பதாக மெக்கானிக் சொல்கிறார். 1.80 லட்சத்துக்கு விற்றுவிட்டு, சேமிப்போடு மனைவியின் நகையை வைத்து 4 லட்சமும் புரட்டி, 8.50 லட்சத்தில் சின்ன மின்சாரக் கார் வாங்கலாமா?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். மாதம் 1,000 கி.மீ.க்கு இந்த மாற்றம் கட்டுப்படியாகாது.

இப்போது பெட்ரோலுக்கு மாதம் 7,100 ரூபாய் போகும். மின்சாரக் கார் அதே தூரத்துக்குச் சுமார் 135 யூனிட் இழுக்கும். இங்கேதான் பலர் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஆகும் வீடு, காரும் சேர்ந்தால் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் மேலே போகும் யூனிட்டுகளுக்கு அதிகக் கட்டணம், கீழே உள்ள யூனிட்டுகளிலும் ஒரு பகுதிக்குச் சலுகை போய்விடும். அதனால் காருக்கான மின்சாரம் யூனிட்டுக்கு 9 ரூபாய் அளவில் விழும், மாதம் 1,200. ஆக மிச்சம் 5,900, வருடத்துக்கு 70,000.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடுதலாகப் போடும் 6.70 லட்சம் டெபாசிட்டில் இருந்தால் வருடம் 45,000 வட்டி வரும். புது வண்டியின் முழு இன்சூரன்ஸ் இன்னொரு 20,000 தின்னும். நகைக்கடன் வட்டி டெபாசிட் வட்டியைவிட அதிகம். காரின் மதிப்பு வருடா வருடம் இறங்குவதை நான் சேர்க்கவே இல்லை. பேட்டரி உத்தரவாதம் பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 1.60 லட்சம் கி.மீ. உங்கள் ஓட்டத்துக்கு 8 ஆண்டில் 96,000 கி.மீ.தான் ஆகும், மீதி உத்தரவாதம் வீண்.

60,000 ரூபாயைச் செலவழிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். உப்புக்காற்றில் நிற்கும் காருக்கு இன்ஜின் கெடும் முன்பே அடிப்பாகம் துருப்பிடித்துப் போய்விடும். வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஸ்க்ரூடிரைவர் முனையால் தரைத்தகட்டையும், சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களையும் குத்திப் பாருங்கள். பிரேக் குழாய்களையும் தடவிப் பாருங்கள். தகடு பொரிந்து உதிர்ந்தால் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். வந்த விலைக்கு விற்றுவிட்டு, கைக்காசுக்குள் அடங்குகிற பழைய வண்டி பாருங்கள். கெட்டியாக இருந்தால் வேலையைத் தாராளமாகச் செய்யுங்கள்.

2027-ல் இந்தக் காருக்கு 15 ஆண்டு முடிகிறது. பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதுவரை மாதம் 10,000 ரூபாய் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் வங்கி டெபாசிட்) போட்டு வாருங்கள். இடையில் வேலை ராமேஸ்வரம் பக்கம் மாறி, ஓட்டம் மாதம் 2,000 கி.மீ.யைத் தொட்டால் மிச்சம் இரட்டிப்பாகும். அப்போது மின்சாரக் காரையே வாங்கச் சொல்வேன், அப்போதும் நகையைத் தொடாமல்.