துணிப்பை, பர்ஸ் தைப்பதைப் பொழுதுபோக்காகத் தொடங்க ஆசை. எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி கேட்டவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். அவருக்கு நேர்த்தையல் வரும், ரவிக்கை தைக்க வராது. வீட்டில் பழைய மெஷின் ஒன்று இருக்கிறது. பையும் பர்ஸும் தைத்துப் பழக ஆசை. வேலூர்ப் பக்கத்தில் சாமான்கள் எங்கே கிடைக்கும், பிறகு விற்கவும் முடியுமா என்று கேட்கிறார்.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். பல வருஷமாக இதைத்தான் ஓய்வு நேரத்தில் செய்துகொண்டிருக்கிறேன்.

ரவிக்கை வராது என்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். பையில் முக்கால்வாசி நேர்த்தையல்தான். கழுத்து வளைவு, கை ஏற்றுவது என்ற தொல்லை கிடையாது. ஆனால் ரவிக்கைக்கு அளவெடுக்க எதிரே ஒருவர் நிற்பார். பைக்கு அளவு எங்கிருந்து வரும்? அதற்குள் போகப்போகும் பொருளிலிருந்துதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அநேகமாக அழகான துணியைக் கையில் வைத்துக்கொண்டு இதில் என்ன தைக்கலாம் என்று யோசிப்பார்கள். நான் அதைத் திருப்பிப் போடச் சொல்வேன். யார் தூக்கப்போகிறார், என்ன தூக்கப்போகிறார், கையிலா தோளிலா வண்டியிலா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். துணி அதற்கு அப்புறம்.

நம் ஊரிலிருந்தே ஒரு உதாரணம். சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் என்று எங்கெங்கிருந்தோ குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். லாட்ஜிலிருந்து மருத்துவமனைக்கு நடக்கும் வழியில் அவர்கள் கையைப் பாருங்கள்: ஒரு கையில் நோயாளி, இன்னொரு கையில் பெரிய ஸ்கேன் கவர். அந்தக் கவருக்குள் இருக்கும் ஃபிலிம் பெரும்பாலும் 14க்கு 17 அங்குலம். சாதாரணப் பையில் நுழையாது, மடிக்கவும் கூடாது. கையில் பிடித்தே நடக்கிறார்கள், மழை வந்தால் முந்தானைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். இதைப் பார்த்துத்தான் நான் ஃபைல் பை தைக்க ஆரம்பித்தேன். உள்ளளவு 16க்கு 19 அங்குலம். உள்ளே ரெயின்கோட் துணியில் லைனிங். முதுகுப் பக்கம் ஒரு உறை வைத்து அதில் கனமான அட்டை. துவைக்கும்போது அட்டையை உருவிவிடலாம். முன்பக்கம் ஒரு சின்ன ஜிப் பாக்கெட், மருந்துச் சீட்டுக்கும் மருத்துவமனை அட்டைக்கும். தோளில் குறுக்காகப் போட்டுக்கொள்ள நீளமான பட்டை, அப்போது இரண்டு கையும் காலியாக இருக்கும். இந்தப் பையில் ஒரு பூ கூட இல்லை. ஆனாலும் நான் தைத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

எங்கள் ஆயா இடுப்பில் சுருக்குப்பை செருகியிருப்பார். அதைப் பற்றி அவர் சொல்வது: "கவுற இழுத்தா வாய் மூடிக்கணும், கைய உட்டா காசு தட்டணும்." ஆழம் அதிகமானால் காசு அடியில் போய்ச் சேர்ந்துவிடும், விரலுக்கு எட்டாது. வெற்றிலை மடிக்காமல் நிற்க வேண்டும், பாக்கு தனி அறையில் இருக்க வேண்டும். ஒரு சாண் துணிக்குள் இத்தனை கணக்கு இருக்கிறது. தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் சுருக்குப்பைதான். மெஷினே தேவையில்லை, கையாலேயே பின்தையல் போட்டு முடிக்கலாம்.

அடுத்தது காய்கறிப் பை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. அதற்கு முன்பும் கல்யாணத்துக்குக் கல்யாணம் மஞ்சப்பை வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பைகளில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தாலே நிறையக் கற்றுக்கொள்ளலாம். எந்தப் பையாக இருந்தாலும் முதலில் பிய்வது கைப்பிடி ஒட்டும் இடம், அடுத்தது அடிமூலை. துணி நடுவில் கிழிந்து நான் பார்த்தது அபூர்வம்.

அதனால் கைப்பிடிக்கு நேரம் கொடுங்கள். துணியின் கரையோடு ஓடும் நெடுக்குவாட்டில் பட்டையை வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் நாலு கிலோ வெங்காயத்துக்கே இழுத்துக்கொள்ளும். நான்கு மடிப்பாக மடித்து இரண்டு ஓரத்திலும் தையல் போடுங்கள். பட்டையின் முனையைப் பையின் விளிம்போடு நிறுத்தாமல் ஒன்றரை அங்குலமாவது கீழே இறக்கி, அங்கே ஒரு சதுரம் தைத்து, சதுரத்துக்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போடுங்கள். உள்பக்கம் அதே இடத்தில் ஒரு துண்டுத் துணியை ஒட்டு வைத்தால் இன்னும் நல்லது. எடை ஒரே வரித் தையலில் விழாமல் அந்தச் சதுரம் முழுக்கப் பரவும். கையில் தூக்கும் பைக்கு 14 முதல் 16 அங்குலப் பட்டை போதும். தோளில் மாட்ட வேண்டுமென்றால் 24 அங்குலமாவது வேண்டும். ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டுகிறவருக்கு இன்னும் குட்டையாக வையுங்கள், இல்லாவிட்டால் பை காலடியில் தரை தட்டும்.

அடிப்பாகம் விரிந்து உட்கார வேண்டுமென்றால் பெட்டி மூலை தைக்க வேண்டும். பக்கத் தையலும் அடித்தையலும் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி மூலையை இழுத்து முக்கோணமாக்கி, குறுக்கே ஒரு தையல். அந்தக் குறுக்குத் தையலின் நீளம்தான் அடியின் அகலம். 4 அங்குல அடி வேண்டுமென்றால் முக்கோண நுனியிலிருந்து 2 அங்குலம் தள்ளித் தைக்க வேண்டும். அப்போது பை அகலத்தில் 4 அங்குலமும் உயரத்தில் 2 அங்குலமும் குறையும். 16க்கு 16 பை 12க்கு 14 ஆகிவிடும். இந்தக் கழிவைச் சேர்த்துத்தான் துணி வெட்ட வேண்டும். தையலுக்கு விடுவது அதற்கு மேல் தனி.

பர்ஸுக்கு வருகிறேன். இதற்கும் உள்ளே போகும் பொருள்தான் அளவுகோல். 500 ரூபாய் நோட்டு 15 சென்டிமீட்டர் நீளம், 6.6 சென்டிமீட்டர் அகலம். ஏ.டி.எம். கார்டு சுமார் 8.6க்கு 5.4 சென்டிமீட்டர். நோட்டை மடிக்காமல் வைக்க வேண்டுமென்றால் 21க்கு 12 சென்டிமீட்டரில் வெளித்துணி இரண்டு, லைனிங் இரண்டு வெட்டுங்கள். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் தையலுக்குப் போனாலும் நோட்டு தாராளமாக உட்காரும், இப்போதைய போன்களில் பெரும்பாலானவையும் நுழையும்.

ஜிப் வைப்பதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். வரிசை புரிந்துவிட்டால் அதில் ஒன்றும் இல்லை. வெளித்துணியை நல்ல பக்கம் மேலே பார்க்க வையுங்கள். அதன்மேல் ஜிப்பைக் கவிழ்த்து வையுங்கள். அதன்மேல் லைனிங், நல்ல பக்கம் கீழே பார்க்க. மூன்று விளிம்பையும் சேர்த்து, ஒற்றைக்கால் ஃபுட் (ஜிப் தைப்பதற்கென்று மெஷினில் மாட்டும் கால்) போட்டுத் தைக்க வேண்டும். மறுபக்கமும் அப்படியே. பிறகு வெளித்துணி இரண்டும் முகத்தோடு முகம், லைனிங் இரண்டும் முகத்தோடு முகம் வைத்துச் சுற்றிலும் தைத்து, லைனிங்கின் அடியில் மட்டும் நாலு விரல் போகும் அளவு இடம் விடுங்கள், அதன் வழியாகத்தான் பர்ஸை நல்ல பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பிறகு அந்த இடத்தைத் தைத்து மூட வேண்டும். சுற்றித் தைப்பதற்கு முன்பு ஜிப்பைப் பாதி திறந்து வைப்பது முக்கியம். மூடியபடி தைத்துவிட்டால் திருப்ப வழி இருக்காது. ஜிப்பின் இரண்டு முனையையும் லைனிங் பக்கமாக மடித்து வைத்துத் தைத்தால் வெளியே மூலை கூர்மையாக வரும். கடைப் பர்ஸில் வரும் அந்த மூலைக்கு ரகசியம் இது ஒன்றுதான்.

துணி விஷயத்தில் நம் பக்கம் கொடுத்துவைத்தது. லுங்கிக்குப் பேர்போன குடியாத்தம் பக்கத்திலேயே இருக்கிறது. லுங்கித் துணி லைனிங்குக்கு அருமையாக அமையும்: மெல்லிசு, சாயம் நிற்கும், கட்டம் இருப்பதால் கோடு போடாமலே நேராக வெட்டலாம். ஒரு லுங்கி சுமார் 2 மீட்டர் இருக்கும், அதில் பல பைக்கு உள்துணி ஆகிவிடும். ஆரணிப் பட்டு அந்தக் காலத்து வட ஆற்காட்டின் பெருமை. பீரோவில் மடிப்பு இற்றுப்போன பட்டுப்புடவை ஒன்று இல்லாத வீடு குறைவு. உடல் பகுதி போயிருந்தாலும் கரையும் முந்தானையும் நன்றாக இருக்கும். அதில் பர்ஸ் தைக்கலாம். ஆனால் வெட்டுவதற்கு முன்பே பின்னால் ஃப்யூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் உள்துணி) ஒட்டிவிட வேண்டும். வெட்டிய பிறகு ஒட்டப் போனால் இழை பிரிந்து வந்துகொண்டே இருக்கும். இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில், மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, அழுத்தி எடுங்கள். தேய்த்து இழுத்தால் பட்டு கோணிக்கொள்ளும். மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. அந்த மாதிரி நாளில் இஸ்திரி வேலை எல்லாவற்றையும் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது என் வழக்கம்.

பருத்தித் துணி எதுவானாலும் ஊறவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடட்டும். வெளித்துணியும் லைனிங்கும் வேறுவேறு அளவில் சுருங்கினால், முதல் சலவையிலேயே பை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும்.

ஜிப், ரன்னர் (ஜிப்பைத் திறந்து மூட நகரும் பிடி), நூல், ஃப்யூசிங் எல்லாம் லாங் பஜார், மெயின் பஜார் பக்கம் தையல் சாமான் கடைகளில் கேளுங்கள். ஜிப்பை மீட்டர் கணக்கில் வாங்கி ரன்னரைத் தனியாகக் கோத்துக்கொள்வது மலிவு. பர்ஸுக்கு 3-ம் நம்பர், பைக்கு 5-ம் நம்பர். ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி எல்லாம் தோல் தொழில் ஊர்கள், பக்கிள், வளையம், ரிவெட் போன்றவற்றுக்கு அங்கே போகிற வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். அங்கே தோல் துண்டு கிடைத்தால் ஜிப் நுனியில் பிடித்து இழுக்க ஒரு சின்ன நாக்கு வைக்கலாம். தோலில் குண்டூசி குத்தாதீர்கள், அந்த ஓட்டை மூடாது. கிளிப் போட்டுப் பிடியுங்கள்.

உங்கள் பழைய மெஷின் போதும். எண்ணெய் விட்டு, பாபின் கேஸில் சேர்ந்திருக்கும் பஞ்சை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஃப்யூசிங் வைத்த பருத்திக்கு 16-ம் நம்பர் ஊசி, ஜீன்ஸ் பல மடிப்பு வந்தால் 18. மடிப்பு தடிக்கும் இடத்தில் மிதிக்க வேண்டாம், சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்குங்கள். ஊசி உடையாது. பாலியஸ்டர் நூலே வாங்குங்கள். பருத்தி நூல் காய்கறி ஈரத்தில் சீக்கிரம் இற்றுப்போகும்.

சரி, விற்கலாமா? விற்கலாம். ஆனால் முதல் வருஷம் வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் தெரிந்தவர்களுக்குத் தைத்துக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பையைத் திருப்பி வாங்கிப் பாருங்கள். எங்கே நூல் விட்டது, எங்கே அழுக்கு ஏறியது, எந்தப் பாக்கெட்டைத் தொடவே இல்லை என்று பை சொல்லிவிடும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு விலை போடுங்கள். விலை போடும்போது உங்கள் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். உதாரணத்துக்கு, சாமான் 120 ரூபாய், வேலை மூன்று மணி நேரம் என்றால், அதை 150 ரூபாய்க்குக் கொடுப்பது உங்களுக்கும் நியாயமில்லை, இதையே நம்பிப் பிழைக்கிற தையல்காரருக்கும் நியாயமில்லை. "துணிப்பைதானே" என்று பேரம் பேசுகிறவரிடம் கைப்பிடியைக் காட்டி, இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் விலை ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, விற்கும் பையோடு எப்படித் துவைப்பது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஃபோம் வைத்த பையை முறுக்கிப் பிழியக் கூடாது, நிழலில் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். பட்டுப் பர்ஸைத் தண்ணீரில் போடவே கூடாது. ஃபைல் பையில் அட்டையை எடுத்துவிட்டுத்தான் துவைக்க வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குக் கொடுக்கும்போது இதை இந்தியிலோ வங்காளத்திலோ தெரிந்தவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் செய்கிறேன்.