அறிவியல் கேள்வி – பதில்: ஜிஎம் இருக்க ஜிஇசட் எதற்கு?

கேள்வி: துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை. சாய்வுச் சோதனை (எடையை நகர்த்திக் கப்பலை லேசாகச் சாய்த்துப் பார்ப்பது) செய்து ஜிஎம் கண்டுபிடித்த பிறகும் ஜிஇசட் வளைகோடு கேட்கிறார்கள். ஜிஎம் நன்றாக இருந்தால் போதாதா?
– வாசகர், பூன் லே

பதில்: போதாது. கப்பல் லேசாகச் சாயும்போது தண்ணீர் மேலே தள்ளும் விசையின் கோடு கப்பலின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிதான் மெட்டாசென்டர். ஈர்ப்பு மையத்திலிருந்து அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே ஜிஎம் (GM). கப்பல் லேசாகச் சாய்ந்தால் நிமிரப் பார்க்குமா, மேலும் சாயுமா என்பதை அது சொல்லும். நிலையியல் நிலைத்தன்மையில், அதாவது வேகத்தைக் கணக்கில் எடுக்காமல் சாய்வை மட்டும் பார்க்கும் கணக்கில், அது முதல் படி மட்டுமே. சாய்வு கூடக்கூட நிமிர்த்தும் நெம்புகையான ஜிஇசட்டைத்தான் (GZ: கீழே இழுக்கும் எடைக்கும் மேலே தள்ளும் விசைக்கும் இடையிலான கிடைத் தூரம்) பார்க்க வேண்டும். ஒவ்வொரு சாய்வுக்கும் அது எவ்வளவு என்று வரைவதே ஜிஇசட் வளைகோடு. மேல்தளத்தின் விளிம்பு தண்ணீரில் முங்கியதும் ஜிஇசட்டின் வளர்ச்சி தளர்ந்து, பிறகு இறங்கிவிடும்.

மெதுவாக வலுக்கும் காற்று ஒரு கப்பலை 10 பாகை சாய்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்று திடீரென்று அறைந்தால் கப்பல் 10 பாகையில் நிற்காது. சாயும் வேகத்தில் 20 பாகையை நெருங்கிவிட்டுத்தான் திரும்பும். அந்த ஆற்றலை வாங்கிக்கொள்வது ஜிஇசட் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு. அதைக் கப்பலின் மொத்த எடையால் பெருக்கினால் கிடைப்பதே இயங்கியல் நிலைத்தன்மை. அனைத்துலகக் கடல்துறை அமைப்பின் 2008 விதித்தொகுப்பு இரண்டையும் கேட்கிறது: ஜிஎம் குறைந்தது 0.15 மீட்டர், 30 பாகை வரையிலான பரப்பு குறைந்தது 0.055 மீட்டர்-ரேடியன் (மீட்டரில் ஜிஇசட், ரேடியனில் சாய்வு).

1870 செப்டம்பரில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ‘கேப்டன்’, ‘மோனார்க்’ இரண்டும் ஒரே புயலில் இருந்தன. ஜிஎம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ‘கேப்டன்’ தண்ணீருக்கு மேல் மிகத் தாழ்வாக இருந்ததால் அதன் ஜிஇசட் 21 பாகையிலேயே உச்சம் தொட்டது; ‘மோனார்க்’குக்கோ 40 பாகை. ‘கேப்டன்’ கவிழ்ந்து 470க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பட்டறையில் நீங்கள் கவனிக்க வேண்டியது பாதி நிரம்பிய டேங்க். கப்பல் சாயும் பக்கமே அதன் தண்ணீரும் ஓடும். 10,000 டன் கப்பலில் 10 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலமுள்ள ஒரு டேங்கில் கடல்நீர் தளும்பினால் ஜிஎம் கிட்டத்தட்ட 0.15 மீட்டர் குறையும். விதி கேட்கும் குறைந்தபட்ச அளவே அவ்வளவுதான்! நடுவில் நீளவாக்கில் ஒரு தடுப்புச் சுவர் வைத்தால் இழப்பு கால் பங்காகும். டேங்கை நிரப்பிவிடுங்கள், இல்லையென்றால் காலி செய்துவிடுங்கள்.

அதற்காக ஜிஎம்மை அளவுக்கு மீறிக் கூட்டவும் கூடாது. 20 மீட்டர் அகலக் கப்பலுக்கு ஜிஎம் 1 மீட்டர் என்றால் ஒரு முழு ஆட்டத்துக்குச் சுமார் 16 விநாடி. 4 மீட்டர் என்றால் 8 விநாடிதான். அந்த வெடுக்கென்ற ஆட்டத்தில் கொள்கலன்களைக் கட்டிய கம்பிகள் அறுந்துபோகும்.

கேள்வி: நின்றால் விழும் சைக்கிள் ஓடும்போது விழாததற்குச் சக்கரச் சுழற்சிதானே காரணம்?
– மாணவி, ஈசூன்

பதில்: அது மட்டும் காரணமல்ல. சுழற்சி விளைவை எதிர்ச்சக்கரங்களால் ரத்து செய்த பிறகும் தானாக நிமிர்ந்து ஓடிய சோதனை சைக்கிளை 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். முக்கியமானது, சைக்கிள் விழும் பக்கம் ஹேண்டில்பார் திரும்புவது. (இயங்கியல் நிலைத்தன்மை என்றால் கப்பலில் ஆற்றல் கணக்கு; சைக்கிளிலோ ஆட்டம் நேரம் போகப்போக அடங்குகிறதா என்பது.) ஆய்வாளர்கள் அளவுகோலாக வைத்துள்ள சைக்கிள் மணிக்குச் சுமார் 15 முதல் 22 கிலோமீட்டர் வரைதான் தானாக நிலைக்கும். நம் சிங்கப்பூர் நடைபாதைகளில் வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர். அந்த வேகத்தில் திருப்பும் வேலை முழுக்க உங்கள் கையில். ஆகவே கனமான பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாமல் பின்கேரியரில் கட்டுங்கள்.