கேள்வி – பதில்: காலாவதியான அட்டையும் இ-விசாவும்

கேள்வி: லண்டனில் நிரந்தர வதிவிட உரிமையுடன் வாழும் என் தாயாரின் குடியிருப்பு அட்டை 31.12.2024 அன்று காலாவதியாகிவிட்டது. உரிமையும் போய்விட்டதா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: இல்லை. காலாவதியானது அட்டை மட்டுமே. உரிமை அதற்குப் பின்னும் தொடரும் பலரின் அட்டைகளிலும் அதே திகதிதான் அச்சிடப்பட்டிருந்தது. பிரித்தானிய உள்துறை அமைச்சு அட்டைகளைக் கைவிட்டு, இ-விசாவுக்கு, அதாவது வதிவிட உரிமையை இணையத்தில் காட்டும் மின்பதிவுக்கு, மாறிவிட்டது. பழைய அட்டையையும் கடவுச்சீட்டையும் வைத்துக்கொண்டு, பிரித்தானிய அரச இணையத்தளத்தில் தாயார் இ-விசாவுக்கான கணக்கொன்றைத் திறக்க வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆகவே பணம் கேட்கும் முகவர்களை நாடாதீர்கள். வீட்டு உரிமையாளர் சான்று கேட்டால், 90 நாள்கள் செல்லுபடியாகும் எழுத்துகளும் எண்களுமாக ஒன்பது குறிகள் கொண்ட பகிர்வுக் குறியீட்டை (share code) அக்கணக்கிலிருந்தே பெற்றுக் கொடுக்கலாம்.

பலர் தவறுவது வேறோர் இடத்தில். கடவுச்சீட்டைப் புதுப்பித்தவர்கள் அதன் புதிய இலக்கத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். அப்படி மறந்தால், ஊருக்கு வந்து திரும்பும்போது, கட்டுநாயக்க விமான நிலையத்தில் விமான நிறுவனப் பணியாளரின் கணினியில் பயணியின் அனுமதி தென்படாமல் போகக்கூடும். பயணத்துக்கு முன்பே இதைச் சரிபார்த்துவிடச் சொல்லுங்கள். காலாவதியான அட்டையையும் வீசிவிட வேண்டாம்.