சட்டையில் மூன்று சொட்டு

கேள்வி: தேவதைக் கதை இளவரசிகள் தூங்குகிறார்கள், இல்லை காத்திருக்கிறார்கள். காதலனைத் தேடிப்போனவள் ஒருத்தியாவது உண்டா?
- வாசகி, தென்காசி

பதில்: உண்டு அம்மா, எனக்கு மிகவும் பிடித்தவள்! 19ஆம் நூற்றாண்டில் அஸ்பியோர்ன்சனும் மோவும் தொகுத்த நார்வே நாட்டுப்புறக் கதை, 'சூரியனுக்குக் கிழக்கே, நிலவுக்கு மேற்கே'. ஏழை வீட்டுப் பெண் வெள்ளைக் கரடியோடு போகிறாள். பகலில் கரடி, இரவில் மனிதன். ஒருநாள் விளக்கேற்றிப் பார்க்கிறாள். அவன் அழகில் சொக்கி முத்தமிடக் குனியும்போது சூடான கொழுப்பு மூன்று சொட்டு அவன் சட்டையில் விழுகிறது. அவ்வளவுதான், அவன் பூதங்களின் கோட்டைக்குப் போயாக வேண்டும்.

அவள் அழுதுகொண்டே நின்றுவிடவில்லை. வடக்குக் காற்றின் முதுகில் ஏறிக் கடலைத் தாண்டுகிறாள். அங்கே நீளமூக்குப் பூதப்பெண்ணோடு அவனுக்குக் கல்யாண ஏற்பாடு. "இந்தக் கறையைப் போக்குகிறவளைத்தான் கட்டுவேன்" என்கிறான். பூதங்கள் கசக்கக் கசக்கச் சட்டை கறுக்கிறது. இவள் தண்ணீரில் முக்கியதும் வெள்ளை வெளேர்!

இதைக் காதல் கதையாகத் திருப்பி எழுதுங்களேன். அந்த மூன்று சொட்டிலேயே தொடங்கலாம். அவள் செய்த தவறு, அவளே துவைக்கிறாள். அப்புறம் என்ன வேண்டும்?