சுழி அடைபடாமல் காகிதம் எழுத

கேள்வி: சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கிறோம். எங்கள் பாட்டியின் தங்கை, சின்னப் பாட்டி, தமிழ்நாட்டில் முசிறிப் பக்கம் இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டிவிட்டது, காது மந்தம். போனில் பேசினால் எதுவும் பிடிபடுவதில்லை. “ஒரு காகிதம் போடேன் கண்ணு” என்கிறார். அதற்காகவே ஒரு மைப்பேனா வாங்கினேன். தாத்தாவின் பழைய ஹீரோ 616 பேனாவும் வீட்டில் கிடக்கிறது. ஆனால் மை தாளில் பரவி ண, ழ எல்லாம் கரும்பொட்டாகிவிடுகிறது. வாங்கி வைத்த உறைகள் தாமாகவே ஒட்டிக்கொண்டன. கேமரன் மலைக்குப் போனபோது பைக்குள் பேனா மை கக்கிவிட்டது. ஈப்போவில் இருக்கும் சித்திக்குப் போட்ட காகிதத்தில் மழை பட்டு முகவரி பாதி கரைந்திருந்ததாம். பேசாமல் பால்பாயிண்டுக்கே திரும்பிவிடட்டுமா?

பதில்: திரும்ப வேண்டாம். நீங்கள் சொன்ன நான்கில் ஒன்றுகூடப் பேனாவின் குற்றமில்லை. இரண்டு ஈரப்பதத்தின் வேலை, ஒன்று மலையின் வேலை, ஒன்று மையின் வேலை. நான்கையும் வீட்டிலேயே சரிசெய்யலாம். மைப்பேனாவில் தாளை அழுத்த வேண்டியதில்லை என்பதால் நான்கு பக்கம் எழுதினாலும் விரல் கடுக்காது. சாவகாசமாக நாலு விஷயம் சொல்லி எழுத அதுவே தோது.

முதலில் தாள். மைப்பேனா வாங்குகிறவர்கள் பேனாவுக்கு ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துவிட்டுக் கையில் கிடைத்த தாளில் எழுதுகிறார்கள். பணத்தைத் தாளில் போடுங்கள், பேனா மலிவாக இருக்கட்டும். தாள் செய்யும்போதே நார்களோடு மாவுப்பசையும் மெழுகுத்தன்மை உள்ள பொருளும் சேர்ப்பார்கள். மையை உடனே உறிஞ்சிவிடாமல் தடுப்பது அந்தப் பூச்சுதான். அது குறைவாக உள்ள தாளில் மை நார் வழியே ஓடி, எழுத்தின் ஓரமெல்லாம் வேர் விட்டதுபோல் ஆகும். நம் ஊரில் காலை வேளையில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேல். திறந்து வைத்த தாள் அந்த ஈரத்தைக் குடித்துவிட்டால், நல்ல பூச்சுள்ள தாளும் மையைப் பரவவிடும். போன மாதம் நன்றாக எழுதிய அதே கட்டு இந்த மாதம் ஊறுவதற்கு இதுவே காரணம்.

80 கிராம் (சதுர மீட்டருக்கு) என்று போட்ட ஏ4 தாள் போதும். இங்க்ஜெட் பிரிண்டருக்கென்றே விற்கும் தாளைத் தவிர்த்துவிடுங்கள். மையை உறிஞ்சுவதற்காகவே செய்யப்பட்டது அது. கட்டின் உறையில் அம்புக்குறி இருந்தால் எந்தப் பக்கத்தில் முதலில் அச்சிட வேண்டும் என்று அர்த்தம். அந்தப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், பிறகு மறுபக்கத்தில். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் நல்ல பக்கத்தில் மட்டும் எழுதுங்கள்.

தாளையும் பேனாவையும் சேர்த்துச் சோதிக்க நம்மிடம் ஓர் எழுத்து இருக்கிறது, பிள்ளையார் சுழி. அதே கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து, எழுதப்போகும் அளவிலேயே பத்து ‘உ’ போடுங்கள். சுழியின் நடுவே வெள்ளை தெரிந்தால் தாள் நல்ல தாள். வலப்பக்கம் இழுக்கும் கோடு நடுவில் அறுபடாமல் வந்தால் மை ஒழுங்காக இறங்குகிறது. சுழி அடைபட்டால் தாளிலோ பேனா முள்ளின் (நிப்பின்) தடிமனிலோ கோளாறு. கோடு அறுபட்டால் பேனாவைக் கழுவ வேண்டும், அல்லது தாளில் கை எண்ணெய் பட்டிருக்கிறது. அடுத்து ‘ணை’, ‘ஞை’, ‘ழூ’ எழுதுங்கள். இவை தாண்டிவிட்டால் தமிழில் வேறெந்த எழுத்தும் தகராறு செய்யாது.

சுழி ஏன் அடைபடுகிறது என்பதற்குச் சின்னக் கணக்கு உண்டு. சுழியின் இரண்டு பக்கக் கோடும் நடுவிலுள்ள வெள்ளையும் சேர்ந்தால் கோட்டின் தடிமனைப்போல் மூன்று மடங்கு இடம் வேண்டும். கோடு 0.5 மில்லிமீட்டர் என்றால் சுழிக்கு 1.5 மில்லிமீட்டர். தமிழ் எழுத்தில் சுழி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்பதால் எழுத்தின் உடல் நாலரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஊறும் தாளில் அதே கோடு 0.7 ஆகிவிட்டால் சுழிக்கு மட்டும் 2.1 வேண்டும். நீங்களோ பழைய அளவிலேயே எழுதுகிறீர்கள், ‘ண’ பொட்டாகிறது. ரோமன் எழுத்தில் இந்தத் தொல்லை குறைவு. அதனால் பேனா பற்றி ஆங்கிலத்தில் படித்து நடுத்தரத் தடிமனுள்ள ‘எம்’ முள் வாங்குகிறவர்கள் தமிழில் எழுதும்போது தடுமாறுகிறார்கள்.

ஆகவே அதைவிட மெல்லிய ‘எஃப்’ முள் வாங்குங்கள். ஜப்பானியக் கம்பெனிகளின் எஃப் பொதுவாக ஐரோப்பியக் கம்பெனிகளின் எஃப்பைவிட மெல்லியது. ப்ளாட்டினம் ப்ரெப்பி போன்ற மலிவுப் பேனாவில் 03 என்று போட்டிருந்தால் எஃப், 05 என்றால் எம். நுனி தட்டையாக வெட்டிய ஸ்டப், இட்டாலிக் முள் வேண்டவே வேண்டாம். ரோமன் எழுத்தில் மெல்லிசும் தடிமனும் மாறி வருவதற்காகச் செய்தவை அவை. தமிழ் எல்லாத் திசையிலும் வளைகிறது, தடித்த பக்கம் சுழிக்குள் விழுந்தால் அடைத்துவிடும். உருண்டை நுனிதான் நமக்கு. பேனாவைத் தாளுக்கு 45 பாகையில் சாய்த்துப் பிடியுங்கள். செங்குத்தாகப் பிடித்தால் மேல்நோக்கி வளையும் இடங்களில் முள் தாளைக் கீறும்.

புள்ளி வைப்பதில் ஒரு கவனம். முள் தாளைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை மை இறங்கிக்கொண்டே இருக்கும். பால்பாயிண்டில் அழுத்திக் குத்திய பழக்கத்தில் ஒரு விநாடி நிறுத்தினால் புள்ளி பெருத்துவிடும். தொட்டவுடன் எடுத்துவிடுங்கள்.

எண்பது வயதுக் கண்ணுக்கு எழுதுகிறீர்கள். எழுத்தின் உடல் 5 மில்லிமீட்டர், வரிக்கு வரி 11 மில்லிமீட்டர் வையுங்கள். மேலே கொக்கியும் புள்ளியும், கீழே கு, மு, ழூ வால்களும் வருவதால் உடலைப்போல் இரு மடங்கு இடைவெளி நமக்கு அவசியம். 8 மில்லிமீட்டர் கோடு போட்ட பள்ளிக்கூடத் தாளில் இது அடங்காது. ஒரு வெள்ளைத் தாளில் கறுப்பு மார்க்கரால் 11 மில்லிமீட்டர் இடைவெளியில் கோடுகள் போட்டு, எழுதும் தாளுக்கு அடியில் வையுங்கள். 80 கிராம் தாள் வழியே கோடு தெரியும். எழுதும் கைக்கு அடியில் எப்போதும் ஒரு கசங்காத தாள் இருக்கட்டும். உள்ளங்கை வியர்வையும் எண்ணெயும் பட்ட இடத்தில் மை பிடிக்காமல் விட்டுவிட்டு எழுதும். தேங்காய் எண்ணெய் தடவிய தலையைக் கோதிவிட்டு வந்து உட்கார்ந்தால் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டே ஆரம்பியுங்கள்.

தாளையும் உறையையும் சுவரோரம், குறிப்பாகக் குளியலறைச் சுவரோரம் உள்ள அலமாரியில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத ஜிப் பையில் நூறு தாளுக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல் போட்டு மூன்று நான்கு நாள் வையுங்கள். ஆரஞ்சு நிறக் குருணை வாங்குங்கள். நீல நிறத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, வீட்டுக்கு ஆகாது. ஆரஞ்சு பச்சையானதும் குருணையைத் தட்டில் பரப்பி ஓவனில் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் பயன்படும். பாச்சை உருண்டை போட வேண்டாம். அந்த நெடி தாளில் ஏறினால் முசிறி வரை போகும். ஈரம் குறைந்தாலே இராமபாணப் பூச்சியும் குறைந்துவிடும்.

உறைகள் ஒட்டிக்கொண்டதும் இதே ஈரத்தால்தான். நாக்கில் தடவி ஒட்டும் பசை, காற்றின் ஈரத்தையே எச்சிலாக எடுத்துக்கொள்கிறது. இனி பட்டையை உரித்து ஒட்டும் வகை உறை வாங்குங்கள். பழைய வகைதான் கிடைத்தால் ஒவ்வோர் உறையிலும் மூடும் மடலுக்கு அடியில் மெழுகுத்தாள் துண்டு வையுங்கள். ஸ்டாம்புக்கும் இதே வைத்தியம். இப்போது ஒட்டிப்போனவற்றை ஜிப் பையில் போட்டு இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, எடுத்தவுடன் மழுங்கிய கத்தியை மடலுக்குள் நுழைத்துப் பாருங்கள். பல திறந்துகொள்ளும். ஆவி காட்டித் திறந்தால் தாள் நெளிந்துவிடும்.

மைக்கு வருவோம். ‘வாஷபிள்’ என்று போட்ட நீல மை, பிள்ளைகளின் சட்டையில் பட்டால் போக வேண்டும் என்பதற்காகச் செய்தது. மழையிலும் அப்படியே போகும். காகிதம் எழுத இரும்பு மை நல்லது. பெலிகன் 4001 புளூ-பிளாக், ப்ளாட்டினம் புளூ-பிளாக் இரண்டும் அந்த வகை. இரும்பு உப்பும் மாசிக்காய் போன்ற காய்களிலுள்ள துவர்ப்புச் சத்தும் சேர்ந்து, காற்றுப் பட்டதும் தாளின் நாரிலேயே கறுத்துப் பிடித்துக்கொள்ளும். கடுக்காயை இரும்போடு சேர்த்து நம்மவர்கள் மை செய்ததும் இதே முறைதான். ஈரம் பட்டால் நீலம் கொஞ்சம் போனாலும் கறுப்புக் கோடு நிற்கும். ஆனால் வீட்டில் காய்ச்சிய கடுக்காய் மையையோ, தூரிகைக்கு விற்கும் சீன மையையோ பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். கசடும் பசையும் உள்ளே இறுகிவிட்டால் மீட்பது கடினம். இரும்பு மை கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. பேனாவில் காயவிடாமல் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். புட்டியில் ஆடை மிதந்தால் பூஞ்சை பிடித்துவிட்டது. வடிகட்டிப் பயன்படுத்தாமல் கொட்டிவிடுங்கள்.

உறையின் முகவரியை மட்டும் பால்பாயிண்டில் எழுதலாம், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. மையிலேயே எழுத ஆசையென்றால் நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் வெள்ளை மெழுகுவர்த்தியை இரண்டு முறை தேய்த்துவிடுங்கள். தண்ணீர் முத்தாக உருண்டு ஓடிவிடும். ஸ்டாம்பு ஒட்டும் மூலையில் மட்டும் மெழுகு படக்கூடாது, முத்திரை மை பிடிக்காது.

தாத்தாவின் ஹீரோவை வெந்நீரிலோ ஸ்பிரிட்டிலோ போட்டுவிடாதீர்கள், பிளாஸ்டிக் வீணாகிவிடும். முள் பகுதி மட்டும் மூழ்கும்படி சாதாரணத் தண்ணீரில் இரவு முழுக்க நிற்க வையுங்கள். காலையில் தண்ணீரை மாற்றி, பின்னாலுள்ள உலோகப் பட்டையை அழுத்தி அழுத்தி விடுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை பதினைந்து இருபது முறை ஆகும். வரவில்லையென்றால் 200 மில்லி தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு மறுபடி செய்யுங்கள். முள்ளை மூடியிருக்கும் கூட்டைத் திருகிக் கழற்ற முயல வேண்டாம். முள் வெளியே கொஞ்சமாகத் தெரியும் அமைப்பு என்பதால் மின்விசிறிக் காற்றில் சீக்கிரம் காயாத பேனா அது. பழைய பேனா என்று ஒதுக்காதீர்கள்.

கேமரன் மலையில் நடந்தது இது. பாதி மை உள்ள பேனாவின் மறுபாதியில் காற்று இருக்கிறது. அந்த மலையிலுள்ள தானா ராத்தா ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சுமார் 15 விழுக்காடு குறைவு. உள்ளே 0.4 மில்லி காற்று இருந்தால் அது விரிந்து 0.07 மில்லி மையை வெளியே தள்ளும், ஒன்றரைச் சொட்டு. முள்ளுக்கு அடியிலுள்ள நாக்கின் வரிப்பள்ளங்கள் கொஞ்சத்தைத் தாங்கும், மிச்சம் மூடிக்குள் வழியும். மலைக்குப் போகும்போது பேனாவை நிறைய நிரப்புங்கள், அல்லது கழுவிக் காலியாக எடுத்துச் செல்லுங்கள். முள் மேலே பார்த்தபடி நிற்க வையுங்கள்.

எழுதி முடித்ததும் ஒற்றுத்தாளை வைத்து அழுத்துங்கள், தேய்க்காதீர்கள். ஐந்து நிமிடம் கழித்து மூன்றாக மடித்தால் 110க்கு 220 மில்லிமீட்டர் உறையில் அடங்கும். ஓர் ஏ4 தாள் 5 கிராம், உறை ஏறக்குறைய 5 கிராம். நாலுக்கு ஆறு அங்குலப் போட்டோ சுமார் 4 கிராம். போட்டோவை வெற்றுத்தாளில் சுற்றி வையுங்கள், மைப் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளாது. வெளிநாட்டுக் கட்டணம் எடையைப் பொறுத்தது. அதனால் கவுண்டரில் நிறுத்துப் பார்த்தே ஸ்டாம்பு ஒட்டுங்கள்.

முகவரியை ரோமன் எழுத்தில் எழுதி, ஆறு இலக்க பின்கோடு போட்டு, கடைசி வரியில் நாட்டின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் தெருவையும் பக்கத்தில் தமிழிலும் எழுதிவிட்டால் கிராமத்துத் தபால்காரருக்குச் சுலபம். அனுப்புநர் இடத்தில் பழைய தோட்டத்து முகவரியைப் போடாதீர்கள். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஆபீசில் காகிதம் வாங்கிவைத்த காலம் போய்விட்டது. தாமான் வீட்டு எண்ணும் 31100 என்ற அஞ்சல் குறியீடும் இருக்கட்டும்.

உள்ளே இன்னொரு சின்ன உறையை இரண்டாக மடித்து வையுங்கள். அதில் உங்கள் முகவரியை ரோமன் எழுத்தில் நீங்களே எழுதி, கடைசி வரியில் மலேசியா என்று போட்டுவிடுங்கள். மலேசிய ஸ்டாம்பு அங்கே செல்லாது, சின்னப் பாட்டி இந்திய ஸ்டாம்பு மட்டும் வாங்கி ஒட்டினால் போதும். அந்த உறை 3 கிராம் கூடும் என்பதால் காகிதத்தை இரண்டு தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் பதில் எழுத ஒரு வெற்றுத் தாளும் வையுங்கள், அடிக்கோட்டுத் தாளின் கோடுகளைப் பென்சிலால் அதில் மெல்லிசாக இழுத்து.