வாசகர் கேள்வி - பதில்: 4 லட்சம் பிழை உள்ள புத்தகமா?

இரண்டு இதழ்களுக்கு முன் ஒருவர், "பைபிளை நம்பாதவரிடம் பைபிளைப் பற்றி எப்படிப் பேசுவது?" என்று கேட்டிருந்தார். "பொறுமையாக" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொண்டேன். வாசகர்கள் விடவில்லை. நம்புகிறவர்கள், நம்பாதவர்கள் என்று இரண்டு பக்கமிருந்தும் கடிதங்கள், நடுவே கொஞ்சம் திட்டும். சரி, இந்த முறை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன். நான் எந்தப் பக்கம் என்று கேட்டவர்களுக்கு: சர்ச்சுக்குப் போகிற ஆள்தான். ஆனால் என் நெருங்கிய நண்பன் எதையும் நம்பாதவன். இருபது வருடமாக அவனோடு வாதாடி, பாதி தடவை தோற்றவன் நான்.

கேள்வி: காலேஜில் படிக்கும் என் மகன், "பைபிளில் 4 லட்சம் பிழை இருக்கிறது, ஆராய்ச்சியாளர்களே சொல்கிறார்கள்" என்கிறான். "வாயை மூடு" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: அம்மா, உங்கள் மகன் அந்த எண்ணை இட்டுக்கட்டவில்லை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் 4 லட்சம் வேறுபாடுகள் வரும் என்பது இந்தத் துறையில் இருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் மதிப்பீடுதான். 5 லட்சம் என்பவர்களும் உண்டு. புதிய ஏற்பாட்டில் மொத்தமே சுமார் 1,38,000 கிரேக்கச் சொற்கள். சொற்களைவிட வேறுபாடுகள் அதிகம் என்று கேட்டால் யாருக்குத்தான் தலை சுற்றாது? பையன் மிரண்டுபோய் உங்களிடம் வந்திருக்கிறான். (என் அப்பாவும் என்னிடம் "வாயை மூடு" என்றுதான் சொன்னார். வாய் மூடிக்கொண்டது, கேள்வி மூடவில்லை.)

ஆனால் வேறுபாடு வேறு, பிழை வேறு. 5,000-க்கும் மேற்பட்ட கிரேக்கப் பிரதிகள் இருக்கின்றன, சில வெறும் துண்டு, சில முழுப் புத்தகம், எல்லாமே கையால் எழுதியவை. யோவான் என்ற பெயரைக் கிரேக்கத்தில் ஒருவர் ஒரு 'ன்' போட்டு எழுதுவார், இன்னொருவர் இரண்டு 'ன்' போட்டு எழுதுவார். அதுவும் கணக்கில் வரும். ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த நம் அறிஞர்கள் பக்கத்துக்கு அடியில் பாடபேதம் என்று கொடுப்பார்களே, அதேதான் இது. ஒரே ஒரு சுவடி கிடைத்த நூலுக்குப் பாடபேதமே கிடையாது, அதனால் அது சரியாக இருக்கிறது என்று அர்த்தமா? ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஒன்று இல்லை, அவ்வளவுதான். இந்த 4 லட்சத்தில் மிகப் பெரும்பாலானவை எழுத்துக்கூட்டு, சொற்களின் வரிசை மாதிரி சில்லறை விஷயங்கள் என்பதை நம்பாத ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

இதைச் சொன்னதும் ஜெயித்துவிட்டதாக நினைத்து எழுந்துவிடாதீர்கள். மிச்சத்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள். மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் (சர்ப்பங்களை எடுப்பார்கள் என்று வருமே, அந்தப் பகுதி) 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வாத்திக்கன் பிரதிகள் இரண்டிலும் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை, "உங்களில் பாவமில்லாதவன் முதலாவது கல்லெறியட்டும்" என்பது, எல்லோருக்கும் மனப்பாடமான இடம், அதுவும் யோவானின் மிகப் பழைய பிரதிகளில் இல்லை.

எனக்கு இது எப்படித் தெரியவந்தது என்று சொல்கிறேன். நானும் நண்பனும் ஒரு மேஜையில் உட்கார்ந்து, என் பழைய தமிழ் பைபிளையும் அவன் கொண்டுவந்த புதிய ஆங்கில மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து 1 யோவான் 5-ஐப் பார்த்தோம். என்னுடையதில் 7-ஆம் வசனம், "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்று போகிறது. அவனுடையதில் விரலை வைத்துத் தேடினேன். 7 என்ற எண் இருக்கிறது, மூன்று சாட்சி என்று இருக்கிறது, பிதாவையும் வார்த்தையையும் காணோம். காது சூடாகிவிட்டது எனக்கு. அவன் மட்டும் அப்போது சிரித்திருந்தால் பைபிளை மூடிக்கொண்டு எழுந்து போயிருப்பேன். சிரிக்கவில்லை. "வீட்டுக்குப் போய் படிச்சுப் பார்த்துட்டு சொல்லு" என்றான்.

படித்தேன். அந்த வரி பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை, லத்தீன் வழியாக வந்தது. 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்ட எராஸ்மஸ் என்ற அறிஞர் அதைச் சேர்க்கவில்லை, சேர்க்காததற்கு நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார், 1522-இல் மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். திரித்துவம் (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன்) என்ற போதனை அந்த ஒரு வசனத்தில் தொங்கவில்லை என்று நான் அவனிடம் சொன்னேன், சரி என்றான். ஆனால் யாரோ சேர்த்திருக்கிறார்கள் என்று அவன் சொன்னான், நானும் சரி என்றேன்.

உங்கள் மகனோடு அந்த மாதிரி ஒரு மேஜையில் உட்காருங்கள். "நீ சொன்ன எண் சரிதான்ப்பா" என்று ஆரம்பியுங்கள்.

கேள்வி: நான் நாத்திகன். மனைவி பக்தியுள்ள கிறிஸ்தவர். பைபிளில் உள்ள முரண்பாடுகளை எடுத்துக் காட்டினால் அழுதுவிடுகிறார். உண்மையைச் சொல்வது தப்பா சார்?

பதில்: உண்மையைச் சொல்வது தப்பில்லை, எத்தனை முரண்பாடுகளை ஒரே மூச்சில் சொன்னீர்கள்? உங்கள் கடிதத்தில் மட்டும் பதினேழு எண்ணினேன். அவர் ஒன்றுக்கு யோசித்துப் பதில் சொல்லும் முன் நீங்கள் ஐந்தாவதற்குப் போயிருப்பீர்கள். அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது, கல் எறிவது என்று சொல்லலாம்.

அந்தப் பதினேழில் பல பலவீனமானவை, மன்னிக்கவும். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் எப்படிச் செத்தான் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தேயுவில் நான்றுகொண்டு சாகிறான், அப்போஸ்தலர் நடபடிகளில் தலைகீழாக விழுந்து வயிறு வெடிக்கிறது. கயிறு அறுந்து விழுந்திருப்பான் என்று அவர் ஒரு வரியில் முடித்துவிடுவார், உங்களுக்கு அது சமாளிப்பாகத் தெரியும், அவருக்குத் தெரியாது, அங்கேயே நின்றுவிடும்.

நிஜமாகவே பேச விரும்பினால் லூக்கா 2-ஐ எடுங்கள். இயேசு பிறந்தது ஏரோது ராஜா காலத்தில் என்று மத்தேயு சொல்கிறார். ஏரோது இறந்தது கி.மு. 4 என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்பது. லூக்காவோ, சிரேனியு சீரியாவில் தேசாதிபதியாக இருந்தபோது நடந்த குடிமதிப்பைச் சொல்கிறார். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் அந்தக் குடிமதிப்பைக் கி.பி. 6-இல் வைக்கிறார். இடையில் கிட்டத்தட்ட பத்து வருடம் உதைக்கிறது. இதற்கு நம்பிக்கையாளர்கள் தரும் விளக்கங்கள் உண்டு: அதற்கு முன்பே இன்னொரு குடிமதிப்பு நடந்திருக்கலாம், அல்லது அந்தக் கிரேக்க வாக்கியத்தை 'சிரேனியுவுக்கு முன்' என்று படிக்கலாம் என்கிறார்கள். எனக்கு இரண்டும் முழுத் திருப்தி இல்லை. லூக்கா தேதியில் தவறியிருக்கலாம் என்று நினைக்கிறேன், அதோடு சர்ச்சுக்கும் போகிறேன். உங்கள் மனைவி வேறு முடிவுக்கு வரலாம். ஆனால் இந்த ஒன்றைப் பற்றி ஒரு வாரம் பேசலாம், அதில் நீங்களும் ஏதாவது படிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. உங்களுக்கு அது ஒரு பழைய நூல். அவருக்கு அது யாருடைய மரணப் படுக்கையில் வாசிக்கப்பட்டது என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? கேளுங்கள். முரண்பாட்டைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம், அது எங்கும் ஓடிவிடாது.

கேள்வி: மூலப் பிரதி ஒன்றுகூட இல்லையாமே?

பதில்: ஒன்றுகூட இல்லை. மழுப்பாமல் ஒப்புக்கொண்டுவிட வேண்டிய விஷயம் இது. கிடைத்தவற்றில் மிகப் பழையது என்று பலர் சொல்வது பாப்பிரஸ் 52 என்ற நாணல்தாள் துண்டு, மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கிறது. சுமார் 9 செ.மீ. உயரம், 6 செ.மீ. அகலம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டு பக்கமும் எழுத்து, யோவான் சுவிசேஷத்தில் ரோம ஆளுநர் பிலாத்து இயேசுவை விசாரிக்கும் இடத்திலிருந்து சில வரிகள், அதுவும் அறுந்து அறுந்து. "கி.பி. 125, நிரூபணமாகிவிட்டது" என்று நம்மவர்கள் மேடையில் முழங்குவார்கள். கையெழுத்தின் வடிவத்தைப் பார்த்துக் கணித்த காலம் அது, இரண்டாம் நூற்றாண்டின் கடைசி வரைக்கும், அதற்கு அப்புறமும்கூடப் போகலாம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அப்படியே தள்ளிப் போனாலும், பழங்கால நூல்கள் பலவற்றுக்கு மூலத்துக்கும் கிடைத்த பிரதிக்கும் நடுவே இதைவிடப் பல நூற்றாண்டுகள் இடைவெளி உண்டு.

கேள்வி: தொல்லியல் பைபிளை நிரூபித்துவிட்டதா, பொய்யாக்கிவிட்டதா?

பதில்: இரண்டு தரப்பும் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும் இடம் இது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

தாவீது என்று ஒருவர் இருந்ததே இல்லை என்று சில அறிஞர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1993-இல் வடக்கு இஸ்ரேலில் டெல் டான் என்ற இடத்தில் ஓர் அராமேயக் கல்வெட்டுத் துண்டு கிடைத்தது. கி.மு. 9-ஆம் நூற்றாண்டு. எதிரி ராஜா ஒருவன் தன் வெற்றியைப் பீற்றிக்கொள்ளும் கல், அதில் 'தாவீதின் வீடு' என்று இருப்பதாகப் பெரும்பாலானவர்கள் படிக்கிறார்கள். சரி, தாவீது பெயரில் ஒரு வம்சம் இருந்திருக்கிறது. கோலியாத்தைப் பற்றி அந்தக் கல் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் பக்கம் எரிகோ, யோசுவாவின் தலைமையில் இஸ்ரவேலர் சுற்றிவந்ததும் மதில் இடிந்து விழுந்ததாகப் பைபிள் சொல்லும் நகரம். 1950-களில் அங்கே தோண்டிய காத்லீன் கென்யன், அந்த நகரம் அழிந்தது கி.மு. 1550 வாக்கில், யோசுவா வந்ததாகச் சொல்லும் காலத்தில் அங்கே விழுவதற்குப் பெரிய மதில் எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். இதை மறுப்பவர்களும் உண்டு, ஆனால் தொல்லியலாளர்களில் பெரும்பாலானோர் கென்யன் பக்கம்தான்.

சாக்கடல் பக்கத்தில் கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய சுருள்களும் இப்படித்தான். 1947 வாக்கில் வெளிவந்த ஏசாயா சுருள் 7 மீட்டருக்கு மேல் நீளம், அதுவரை தெரிந்திருந்த முழு எபிரெயப் பிரதிகளைவிட ஆயிரம் ஆண்டு பழையது, பெருமளவு ஒத்துப்போகிறது. இதை எல்லா சர்ச்சிலும் சொல்வார்கள். அதே கும்ரான் குகைகளில் கிடைத்த எரேமியா துண்டுகளில் ஒன்று, கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ள குட்டையான எரேமியாவோடு ஒத்துப்போகிறது, அது நம் கையில் உள்ளதைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. இதை எந்த சர்ச்சிலும் நான் கேட்டதில்லை.

கேள்வி: நிசேயா மாநாட்டில் ஓட்டுப் போட்டுத்தானே பைபிளில் எந்தப் புத்தகம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள்?

பதில்: இல்லை. 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் பேசியது, இயேசு பிதாவுக்குச் சமமானவர் இல்லை என்று ஆரியுஸ் என்ற குரு கிளப்பிய சர்ச்சை, ஈஸ்டர் தேதி போன்றவை. இன்றுள்ள 27 புத்தகங்களும் அப்படியே வரும் பட்டியலை முதலில் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய கடிதத்தில்தான் பார்க்கிறோம். பகுத்தறிவு பேசும் நண்பர்களே, வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிக்கையாளர்கள் மட்டும்தான் சரிபார்க்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

கேள்வி: "அவிசுவாசிகளோடு இதையெல்லாம் பேசினால் விசுவாசம் தளர்ந்துவிடும்" என்கிறார் எங்கள் போதகர்.

பதில்: தளரலாம். இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் பேதுரு தன் நிருபத்தில், நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிற யாவருக்கும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார். விசாரிக்கிறவனைப் பார்த்ததும் ஓடிவிடுங்கள் என்று எழுதவில்லை. இந்த வசனத்தைத் தூக்கிக்கொண்டு வாதத்துக்குக் கிளம்புகிறவர்கள் அந்த இரண்டு சொற்களை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள், அதுதான் என் குறை.

கேள்வி: நம்புகிறவரும் நம்பாதவரும் மரியாதையாகப் பேசினார்கள் என்று நிஜமாக ஓர் உதாரணம் உண்டா? கதை வேண்டாம்.

பதில்: உண்டு. புரூஸ் மெட்ஸ்கர், பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரிப் பேராசிரியர், புதிய ஏற்பாட்டுப் பிரதிகளில் அவர் சொன்னால் மறுபேச்சு அபூர்வம், கடைசி வரை விசுவாசி. அவரிடம் படித்தவர் பார்ட் எர்மான், தீவிர விசுவாசியாகத் தொடங்கி நம்பிக்கையை விட்டவர், உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மேற்கோள் காட்டும் 4 லட்சத்தை ஊரறியச் செய்தவர். பிரதிகளைப் பற்றி மெட்ஸ்கர் எழுதிய பாடநூலின் நான்காம் பதிப்பை இவர்கள் இருவரும் சேர்ந்துதான் திருத்தி 2005-இல் வெளியிட்டார்கள். விசுவாசிகளைக் கலங்கடித்த தன்னுடைய இன்னொரு புத்தகத்தை எர்மான் அதே ஆண்டு வெளியிட்டு, அதை யாருக்குச் சமர்ப்பணம் செய்தார் என்கிறீர்கள்? மெட்ஸ்கருக்கு. தன் நம்பிக்கை போனதற்கு முக்கியக் காரணம் பாடபேதங்கள் இல்லை, உலகத்தில் இவ்வளவு துன்பம் ஏன் என்ற கேள்விதான் என்றும் எர்மானே சொல்லியிருக்கிறார். உங்களோடு ஒருவர் லூக்காவின் தேதியைப் பற்றிச் சண்டை போடும்போது, அவர் மனதில் ஓடுவது லூக்காதானா என்று கொஞ்சம் பாருங்கள்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் ஒரே வரியில் சொல்லுங்கள். பைபிளை நம்பலாமா?

பதில்: எதற்காக நம்ப? நகல் எடுத்தவர்கள் ஒழுங்காக எடுத்தார்களா என்றால், பெரும்பாலும் ஆமாம், எங்கே இல்லை என்பதும் தெரியும். எழுதியிருப்பதெல்லாம் நடந்ததா என்றால், ஒவ்வோர் இடமாகப் பார்க்க வேண்டும், பல இடங்களுக்குச் சான்று கிடைக்காது. அது தேவனுடைய வார்த்தையா என்றால், அதற்குக் கல்வெட்டு பதில் சொல்லாது. நண்பன் மூன்றாவதைக் கேட்கும்போது நான் முதலாவதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன், அவன் இரண்டாவதை மறுத்துவிட்டு மூன்றாவதையும் முடித்துவிட்டதாக நினைப்பான். இப்படியே பத்து வருடம் போனது. ஒரு வரி கேட்டீர்கள், தாண்டிவிட்டது.

என் பழைய தமிழ் பைபிளைப் போன வருடம் அவன் படிக்க வாங்கிக்கொண்டு போனான், இன்னும் திருப்பித் தரவில்லை. 1 யோவான் 5:7-க்குப் பக்கத்தில் பென்சிலில் கேள்விக்குறி போட்டவன் அவன். அதன் கீழே 'எராஸ்மஸ், 1522' என்று எழுதியது நான்.