கை எட்டாத ஆழத்தில் ஒரு வால்வு: கடலடித் தொலைபேசி கேபிள்கள் பற்றிய கேள்வி பதில்

நான் 1973-இல் டெக்னீஷியனாகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை கடலடி கேபிள் வேலையிலேயே இருந்தவன். கண்ணாடியிழை வருவதற்கு முன் சிங்கப்பூரை வெளியுலகத்தோடு பேச வைத்த கோஆக்சியல் கேபிள்களை இப்போது யாரும் நினைப்பதில்லை. அது எனக்கு வருத்தம். போன வாரம் நூலகத்தில் அதைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன். அப்போது நேரம் போதாமல் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்கள் வசிக்கும் வட்டாரப் பெயரை முன்னால் போட்டிருக்கிறேன்.

பொங்கோல், பாலிடெக்னிக் மாணவர்: அங்கிள், கோஆக்சியல் என்றால் டிவிக்குப் பின்னால் செருகுவோமே, அதுதானா?

அதே குடும்பம்தான் தம்பி. நடுவில் ஒரு கடத்தி, அதைச் சுற்றிக் காப்புப் பொருள், அதற்கு மேல் குழாய் போல இன்னொரு கடத்தி. அலை இந்த இரண்டுக்கும் நடுவிலேயே அடங்கி ஓடும். வெளியே உப்புத் தண்ணீர் இருப்பது அதற்குத் தெரியாது.

ஆனால் ஆழ்கடலில் இறக்கும்போது கப்பலிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் கேபிள் தன் எடையிலேயே தொங்கும். அதைத் தாங்க ஆரம்பத்தில் வெளியே இரும்புக் கம்பிகளை முறுக்கிச் சுற்றினார்கள். முறுக்கிய கம்பி இழுபட்டால் பிரியப் பார்க்கும், தளர்ந்தால் சுருண்டு முடிச்சு விழும். பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர்கள் இதைத் தலைகீழாக யோசித்தார்கள். இரும்பை வெளியிலிருந்து எடுத்து நட்டநடுவில் வைத்து, அதன்மேல் செம்பைக் குழாயாக மூடினார்கள். அதிக அதிர்வெண் மின்சாரம் கடத்தியின் மேல்தோலில்தான் ஓடும், அதனால் உள்ளே இரும்பு இருப்பது அதைக் கெடுக்காது. எடையும் குறைந்தது, முறுக்கும் போயிற்று. 1961-இல் ஸ்காட்லாந்துக்கும் கனடாவுக்கும் நடுவே போட்ட கேன்டாட் கேபிளில் இதைப் பயன்படுத்தினார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த யோசனை இதுதான்.

கரையோரத்தில் மட்டும் வெளிக்கவசம் கட்டாயம் வேண்டும். காரணம் கீழே வருகிறது.

ஈசூன், ஆசிரியை: தந்தி கேபிள் அட்லாண்டிக்கில் 1866-லேயே நிலையாக வேலை செய்தது என்றீர்கள். பேச்சு போக 1956 வரை ஏன் காத்திருக்க வேண்டி வந்தது?

தந்திக்கு மெதுவான துடிப்பு போதும் அம்மா. பேச்சுக்கு அதிக அதிர்வெண் வேண்டும். அதிர்வெண் ஏற ஏற கேபிளில் இழப்பும் ஏறும். ஒரே கேபிளில் பல பேச்சுகளை அடுக்க வேண்டுமென்றால் இன்னும் மேலே போகவேண்டும். அட்லாண்டிக்கைக் கடந்த முதல் தொலைபேசி கேபிள் 1956-இல் திறந்த டாட்-1. அதன் உச்ச அதிர்வெண்ணில், ஏறத்தாழ 70 கிலோமீட்டர் போவதற்குள் சமிக்ஞையின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிடும். அதனால் வழியில் பெருக்கிக் கொடுக்க ஒரு கருவி வேண்டும். அதுதான் ரிப்பீட்டர். டாட்-1-இல் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு கேபிள்கள், ஒவ்வொன்றிலும் 51 ரிப்பீட்டர்கள். இவ்வளவும் சேர்ந்து ஆரம்பத்தில் ஒரே நேரத்தில் சுமந்தது 36 பேச்சு.

பெருக்கியைச் செய்வது பெரிய விஷயமில்லை. கடலடியில் போய் யாரும் பழுது பார்க்க முடியாத இடத்தில் இருபது வருடம் ஓடும் பெருக்கியைச் செய்வதுதான் விஷயம். அதற்குத்தான் அத்தனை வருடம் பிடித்தது.

பிடோக், ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன்: வானொலிப் பெட்டி வால்வு ரெண்டு மூணு வருசத்துல போயிடுமே அண்ணே. கடலுக்குள்ள எப்படித் தாங்குச்சு?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வால்வு என்றால் சமிக்ஞையைப் பெருக்கும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய். டாட்-1-இல் ரிப்பீட்டருக்கு மூன்று வால்வு. இரண்டு கேபிளுக்கும் சேர்த்து 306. ஒன்று செத்தாலும் அந்தத் திசையே ஊமையாகிவிடும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் அதற்காகப் புதிய, வேகமான வால்வைத் தேடவில்லை. பத்தாண்டுக்கு மேல் சோதனை மேடையில் எரிந்துகொண்டே இருந்த பழைய வகையை எடுத்தார்கள். பெருக்கும் திறன் குறைவு, பரவாயில்லை என்று விட்டார்கள். எலக்ட்ரான்களை உமிழும் பாகமான கேத்தோடை அதிகம் சூடாக்காமல் ஓட்டினார்கள். முதலில் 1950-இல் அமெரிக்காவின் கீவெஸ்ட்டுக்கும் கியூபாவின் ஹவானாவுக்கும் இடையில் போட்டுப் பார்த்தார்கள். டாட்-1 1978-இல் ஓய்வு பெறும் வரை வால்வு போய் அது நின்றதே இல்லை.

பிரிட்டிஷ்காரர்கள் வேறு வழியில் போனார்கள். அதிகத் திறனுள்ள வால்வையே போட்டு, ஒரு ரிப்பீட்டருக்குள் இரண்டு பெருக்கிகளை இணையாக வைத்தார்கள். ஒன்று போனால் மற்றது சுமக்கும். மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான எஃகுக் குழல், அரை டன் எடை. அதிலேயே வடிகட்டி வைத்து, கீழ் அதிர்வெண்கள் ஒரு திசைக்கும் மேல் அதிர்வெண்கள் மறுதிசைக்கும் என்று பிரித்ததால் ஒரே கேபிள் போதுமானது. எனக்கு இரண்டு வழியும் மரியாதைக்குரியவை. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் வந்த பெரும்பாலான கேபிள்கள் இந்த ஒற்றைக் கேபிள் வழியைத்தான் பிடித்தன.

தெம்பனிஸ்: சிங்கப்பூருக்கு எப்போது வந்தது?

1965-இல். சீகாம் என்ற காமன்வெல்த் கேபிள் இங்கிருந்து ஜெசல்டன், அதாவது இன்றைய கோத்தா கினபாலு போய், அங்கிருந்து ஹாங்காங் போனது. 1967 மார்ச்சில் குவாம், மடாங் வழியாக ஆஸ்திரேலியாவின் கெயின்ஸ் வரை முழுமையானது. சிங்கப்பூர்–ஹாங்காங் பகுதியில் 80 சேனல். ஊர் முழுக்க சேர்ந்து 80 பேச்சு என்று நினைத்துப் பாருங்கள். கெயின்ஸிலிருந்து தரைவழியே சிட்னி போய், அங்கே பசிபிக்கைக் கடக்கும் காம்பாக் கேபிளோடு சேரும். ஆக்லாந்து, சுவா, ஹவாய், வான்கூவர், அப்புறம் கனடாவைத் தரைவழியே கடந்து அட்லாண்டிக். இங்கிருந்து பேசும் குரல் பாதி உலகத்தைச் சுற்றி லண்டனில் இறங்கும் வழி ஒன்று அன்றைக்கு இருந்தது.

உட்லண்ட்ஸ்: அத்தனை ரிப்பீட்டருக்கும் மின்சாரம் எங்கிருந்து?

கரையிலிருந்து, அதே நடுக்கடத்தி வழியாக. மாறாத அளவு நேர்மின்சாரம். டாட்-1-க்கு ஒரு கரையில் நேர் 2,000 வோல்ட் அளவு, மறுகரையில் எதிர் 2,000. திரும்பி வரும் பாதை கடல்தான்.

ஜூரோங், கப்பல் பட்டறை ஊழியர்: கேபிள் அறுந்தால் எந்த இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? சுறா கடிக்குமாமே?

சுறா கடித்த கதைகள் உண்டு, ஆனால் நம் எதிரி நங்கூரமும் இழுவை வலையும்தான். தென்சீனக் கடலின் தென்பகுதி ஆழமே கிடையாது, பல இடங்களில் நூறு மீட்டருக்கும் குறைவு. கப்பல் நடமாட்டமோ உங்களுக்கே தெரியும். அதனால்தான் கரையோரக் கவசம்.

நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு நள்ளிரவு அலாரம் அடித்தது. மின்சாரத்தின் அளவு மாறவில்லை, ஆனால் அதைத் தள்ளத் தேவைப்பட்ட வோல்ட் பட்டென்று விழுந்திருந்தது. என் மேலதிகாரி ஒன்றும் பதறவில்லை. ஒவ்வொரு ரிப்பீட்டரும் எத்தனை வோல்ட் எடுக்கும் என்பது தெரியும், மீட்டரில் இருப்பதை வகுத்துப் பார் என்றார். வகுத்தேன். எத்தனையாவது ரிப்பீட்டருக்கு அப்பால் அறுந்து செம்பு கடலைத் தொட்டிருக்கிறது என்பது ஒரு தாளில் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் இந்த வேலை எனக்குப் பிடித்துப் போயிற்று.

அப்புறம் கப்பல் போகும். கொக்கியால் துழாவி ஒரு முனையைத் தூக்கி, சோதித்து, மிதவையில் கட்டிவிட்டு மறுமுனையைத் தேடும். இணைக்கும் இடத்தில் பாலித்தீனை அச்சில் உருக்கி வார்த்து, உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இல்லை என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே கடலில் விடுவார்கள்.

தேக்கா: பாலித்தீன் வருவதற்கு முன்னால் காப்புக்கு என்ன போட்டார்கள்?

கட்டாபெர்ச்சா. நம் பக்கத்துக் காட்டு மரப்பால். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த மாண்ட்கோமரி 1843-இல் அதை லண்டனுக்கு அறிமுகப்படுத்தினார். உலகத் தந்தி கேபிள்கள் பெரும்பாலும் அதை உடுத்தித்தான் கடலுக்குள் போயின. மரத்தை வெட்டித்தான் பால் எடுத்தார்கள், காடுகள் காலியாயின. 1933-இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த பாலித்தீனில் உயர் அதிர்வெண் இழப்பு மிகக் குறைவு. அது இல்லாமல் கோஆக்சியல் கேபிள் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

செங்காங்: சென்னைக்கு?

தந்தி 1870–71-லேயே சென்னையிலிருந்து பினாங்கு வழியாக இங்கே வந்துவிட்டது. பேச்சுக்கான கோஆக்சியல் கேபிள் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையில் 1981-இல்தான் வந்தது. இடையில் நூற்றுப் பத்து வருடம்.

புக்கிட் பாத்தோக்: இப்போதைய கண்ணாடியிழை கேபிளுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா? பழைய கேபிளை எங்காவது பார்க்கலாமா?

தொடர்பு நிறைய. ஒளியைப் பெருக்கும் கருவிகள் இன்றும் கடலடியில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு மின்சாரம் இன்றும் கரையிலிருந்து ஒரு செம்புக் கடத்தி வழியாகத்தான் போகிறது. பழைய கேபிள்களில் சில அறிவியலுக்குப் போயின. ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் நடுவே கைவிட்ட ஒரு கோஆக்சியல் கேபிளில் 1998-இல் நிலநடுக்கமானியை இணைத்து ஆழ்கடலைக் கேட்டார்கள்.

பார்க்க வேண்டுமென்றால் என்னிடமே ஒரு சாண் துண்டு இருக்கிறது. பழுதுபார்ப்பில் வெட்டிப் போட்டது. அடுத்த சந்திப்புக்குக் கொண்டு வருகிறேன். வெட்டுமுகத்தைத் திருப்பிப் பாருங்கள், நடுவில் அந்த இரும்புக் கம்பிகள் தெரியும்.